ஸ்டாம்புக்குள் ஏறிய பஸ்

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள்: மேடை நடுவில் எங்கள் தபால் கோட்டத்தின் தலைவர், பெரிய சார். அவர் பக்கத்தில் சால்வையோடு ஒரு காலேஜ் பிரின்சிபால். முன்வரிசையில், கையில் லென்ஸ் வைத்துக்கொண்டு ஸ்டாம்பு சேர்க்கிற பெரியவர்கள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சுவர் ஓரமாக எங்கள் தபால்காரர்கள். மேடைப் படியில் தபால் இன்ஸ்பெக்டர் சந்தானம் சார், வாசலில் நான். இல்லாதவர் ஒரே ஒருத்தர். எந்தப் படத்தை ஸ்டாம்பாக அச்சடித்து, மேடையில் வெல்வெட் துணி போட்டு மூடி வைத்திருந்தோமோ, அந்தப் படத்தை வரைந்த குப்பம்மாக்கா.

இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. கல்வராயன் மலை மேலே ஒரு சின்னத் தபால் ஆபீஸை ஒண்டி ஆளாக ஏழு வருஷம் நடத்திவிட்டு, வி.ஏ.ஓ. பரீட்சையில் பாஸாகி, போன மாசம்தான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். சாவியை வாங்கிக்கொண்ட புதுப் பெண் சுகன்யா ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணா, இங்க இன்னாதான் நடக்கும்? கவர்ல குத்திக்கினே உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டாள். நடக்கும்மா, எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அவளுக்கும், அவளோடு சேர்ந்த மற்றவர்களுக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரிஷிவந்தியம் பக்கம், கரும்பு வெட்டுகிற குடும்பம். வேலைக்கான ஆர்டர் வந்த அன்று அப்பா கேட்டார்: "தபால் ஆபீஸ்ல நீ லெட்டர எழுதணுமாடா, படிக்கணுமா?" ரெண்டும் இல்லப்பா, குத்தணும் என்றேன். "அதுக்கா பதினஞ்சு வருஷம் படிச்ச?" என்றார். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பணம் எண்ணவும், பை கட்டவும், கைரேகை மெஷினை வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடவும் கற்றுக்கொண்டேன். மீதியெல்லாம் சந்தானம் சார்.

சார் சத்தமாகப் பேச மாட்டார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். எதைப் பற்றிப் பேசினாலும் "சரிங்க, அளந்து பாத்துடுவோம்" என்பார். எல்லாருக்கும் 'ங்க' போடுவார். கோபம் வந்தால் மரியாதை ஜாஸ்தியாகும். முதல் தடவை என் ஆபீஸைப் பார்க்க வந்தபோது, நான் தேதி முத்திரையை டப்பு டப்பென்று அடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏழுமலைங்க, கொஞ்சம் நிறுத்துறீங்களாங்க" என்றார். மூன்று 'ங்க'! எனக்கு வேர்த்துவிட்டது.

"முத்திரைய அடிக்கிறது இல்லீங்க. வைக்கிறது."

காலையில் தேதியை மாற்றியதும் முதலில் பழைய தாளில் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். மை மொத்தமாக இருந்தால் இன்னொன்று. அப்புறம் கவரை ரப்பர் பலகை மேல் நேராக்கி, முத்திரையின் ஒரு ஓரத்தை முதலில் பதித்து, மணிக்கட்டை மெதுவாகச் சாய்த்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வட்டத்தில் கொஞ்சம் ஸ்டாம்பு மேல், மிச்சம் கவர் மேல். தேதி தெரிய வேண்டும். ஸ்டாம்பில் இருக்கிற படமும் தெரிய வேண்டும். "அந்தப் படத்த ஒருத்தர் ஒக்காந்து வரஞ்சிருக்காருங்க. நாம கரியப் பூசிட்டுப் போவக்கூடாது." அன்றைக்கு ஒரு கட்டுப் பழைய கவரில் குத்திக் குத்தி என் மணிக்கட்டு வீங்கியது.

குப்பம்மாக்கா வீட்டுக்கு நான் போனது அந்தக் கைரேகை மெஷினால்தான். நூறு நாள் வேலைப் பணம் எடுக்க வருவார். குச்சிக்கிழங்கு பிடுங்கிப் பிடுங்கி ரேகையே தேய்ந்துபோன விரல், மெஷின் ஒத்துக்கொள்ளாது. "கழுவிட்டு வா, தொடச்சிட்டு வான்னா இன்னா தம்பி இது, கோயிலுக்கா வந்திருக்கேன்?" என்று திட்டுவார். ஒரு நாள் மழைக்கு முன்னால் மெஷினை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்க பஸ்.

உர மூட்டைகளைப் பிரித்து, வெள்ளையான உள்பக்கம் தெரியத் தைத்து, ஒரு சுவர் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தார். அதில் வெள்ளிமலையில் இருந்து கள்ளக்குறிச்சி போகிற பஸ், கூரையே இல்லாமல். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. உள்ளே ஆள், ஆள், ஆள்! மார்க்கர் பேனாவும், சொட்டு நீலமும், நகப்பாலிஷும்தான் சாயம். கோழியை மடியில் வைத்திருக்கிற கிழவர், தூங்கி விழுகிற நர்ஸம்மா, ஜன்னல் வழியாக வாந்தி எடுக்கிற பையன், மூக்கை வைத்தே சொல்லிவிடலாம் என்கிற மாதிரி பால்காரர் மணி. எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். எல்லாருக்கும் நான் தபால் கொடுத்திருக்கிறேன்.

"யாருக்கா இத வரஞ்சது?"

"ஏன், நான்தான். நாங்க வரஞ்சா ஆவாதா?"

"எங்கக்கா கத்துக்கின?"

"பஸ்ஸுல."

ஊரில் அவரைக் 'கிறுக்கு குப்பம்மா' என்பார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நல்ல சாக்கைப் பாழாக்குகிறாள் என்று சொந்தக்காரர்களுக்கே ஆத்திரம். அடுத்த முறை சந்தானம் சார் மலைக்கு வந்தபோது கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். சார் ஸ்கேலை வெளியே எடுத்தார். பிறகு அளக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்து, அவர் ஸ்கேலை எடுத்துவிட்டு அளக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சமயம் ஒரு ஸ்டாம்புக் கண்காட்சி வரவிருந்தது. நாம் கொடுக்கிற படத்தை ஸ்டாம்பாகவே அச்சடித்துத் தருகிற ஏற்பாடு உண்டு. ஒரு தாளுக்குப் பன்னிரண்டு ஸ்டாம்பு. நம்ம பக்கத்துப் பெருமை ஒன்றை அந்தத் தாளில் போட்டுக் கண்காட்சியில் வெளியிடலாம் என்று பேச்சு. கூட்டத்தில் சிலர் அணைக்கட்டு என்றார்கள், சிலர் கோயில் என்றார்கள். சார் எழுந்து பஸ்ஸின் போட்டோவைப் பெரிய சார் மேஜையில் வைத்தார்.

"யாருங்க இந்தம்மா? எங்க படிச்சாங்க?" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

"எங்கயும் படிக்கலீங்க."

"எங்கயும் படிக்காத ஒருத்தங்க கிறுக்கினத ஸ்டாம்பாப் போடச் சொல்றீங்களா?" என்று யாரோ சிரித்தார்கள். பெரிய சார் மட்டும் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது என்னய்யா, கோழிக்கும் சீட்டு குடுத்திருக்காங்க?" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னார்: "சரி. ஆனா ஒண்ணு. மொதத் தாள வரஞ்சவங்க கையிலதான் குடுப்பேன். அந்தம்மாவக் கூட்டியாந்துருங்க. அவங்க சம்மதிக்கல, வரலன்னா அணைக்கட்டுதான். ரெண்டையும் ரெடி பண்ணி வச்சிடலாம்."

நான் மலைக்குப் பறந்தேன். மாதிரி அச்சு வந்ததும் என் ஆபீஸை ஒட்டின டீக்கடையில், பஸ் திரும்புகிற இடத்தில், அக்காவை உட்கார வைத்துக் காட்டினேன். முழு பஸ்ஸும் ஒரு ஸ்டாம்புக்குள்.

அக்கா கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னாடா இது, மூட்டப்பூச்சி?"

"உன் பஸ்ஸுதான்க்கா."

"எம் பஸ்ஸுல ஆளு இருப்பாங்க. இதுல ஆளு எங்க? வேணாம் போ."

சாரிடம் போய் நின்றேன். "பன்னண்டு ஸ்டாம்புக்கும் ஒரே படம்தான் போடணும்னு யாருங்க சொன்னது?" என்றார். படத்தைப் பன்னிரண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு ஸ்டாம்பிலும் நாலைந்து முகம் தெரியும். தாளைச் சேர்த்துப் பார்த்தால் முழு பஸ்! நான் அங்கேயே குதித்தேன். சார் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து கோடு போட்டார். ஸ்டாம்புக்கும் ஸ்டாம்புக்கும் நடுவே கிழிப்பதற்கு ஓட்டை வரிசை இருக்குமே, அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை விட வேண்டும். படம் ஓட்டையில் மாட்டக்கூடாது. தபால்காரர்களான எங்களுக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி. கரை இல்லாத ஸ்டாம்பை எங்களால் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே கரை விட்டோம். அழகாக விட்டோம்.

இந்தத் தடவை சாரும் மலைக்கு வந்தார். அதே டீக்கடை. அக்கா தாளைக் கையில் வாங்கினதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுதான்டா பஸ்ஸு!" பிறகு விரலை வைத்து ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே போனார். நடுவில் விரல் நின்றது. திரும்ப முதலில் இருந்து வந்தார்.

"பால்காரன் எங்க?"

நான் பார்த்தேன். மணியின் மூக்கு இருந்த இடத்தில் வெள்ளைக் கரை.

"எங்க நாத்தனா எங்க? ராணி நிக்கிறா, அவ இடுப்புல இருந்த கொழந்தய காணோம். யோவ், கொழந்த எங்கய்யா?"

மொத்தம் எட்டுப் பேர். கோடு விழுந்த இடத்தில் நின்றவர்கள் எல்லாம் கரையில் காணாமல் போயிருந்தார்கள்.

"எட்டு பேருதானுங்களே. மீதி அத்தன பேரும் இருக்காங்களேங்க" என்றார் சார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா தாளை பெஞ்சு மேல் வைத்தார். "நிறுத்துங்க பஸ்ஸ. நான் வரல, எம் படமும் வரல."

"அக்கா..."

"தம்பி, எம் பொண்ணுக்கு நாலு வயசுல ஜொரம். கொதிக்குது. தூக்கினு வந்து இதே எடத்துல நிக்கிறேன். பஸ்ஸு வருது. எடம் இல்ல, நாளைக்கி வான்னு சொல்லிட்டு உசுலு ஊதிட்டான் அப்ப இருந்த கண்டக்டரு. நடந்தேன். பாதி மலைக்கி மேல கெழங்கு லாரிக்காரன் ஒருத்தன் ஏத்திக்கினான், பொழச்சா. இன்னிக்கி திருக்கோவிலூருல ஜவுளிக்கடைல நிக்கிறா. அன்னிலேருந்துதான் நான் வரையிறேன். எம் பஸ்ஸுக்குக் கூர ஏன் இல்லன்னு நீ கேக்கவே இல்லியே? கூர இருந்தாதான ஃபுல்லுன்னு சொல்வான். எம் பஸ்ஸுல எடம் இல்லன்னு சொல்ல ஆளு கெடையாது. நீங்க ரெண்டு பேரும் இஸ்கேலு வச்சி எட்டு பேர எறக்கி உட்டுட்டு வந்திருக்கீங்க."

சார் ஸ்கேலைப் பைக்குள் தள்ளினார், அது ஏற்கெனவே பைக்குள்தான் இருந்தது. கண்காட்சி நெருங்கிவிட்டது. அக்கா இல்லையென்றால் அணைக்கட்டு. எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. வரைந்தவர் நான் இல்லை, ஆனாலும் முட்டுகிறது. 'கிறுக்கு குப்பம்மா' என்று கூப்பிடுகிற ஊர் அந்த ஸ்டாம்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அப்படி ஒரு வெறி எனக்கு.

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார் இப்போதைய கண்டக்டர் தங்கராசு. வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா சண்ட? நாங்க தெனம் பண்றதுதான? படியாண்ட நிக்கிறவன், நடுவுல நிக்கிறவன் எல்லாம் ஒரு அடி உள்ள போனா எடம் தன்னால வருது." எழுந்து நின்று, டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டே, பஸ்ஸில் கத்துகிற அதே குரலில் கத்தினார்: "உள்ள போ! உள்ள போ! கோட்ட உட்டு உள்ள தள்ளிப் போ!"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரைப் பார்த்தார். "கோடு எங்கெங்க உழும்னு முன்னாடியே சொல்லுவியா?"

"சொல்றேங்க! கோடு போட்டே தர்றேங்க!"

அடுத்த நாள் சார் லீவு போட்டுவிட்டு வந்தார். பிரித்துத் தைத்த புதுச் சாக்கு மேல் சுண்ணாம்புக் கயிறு தட்டிப் பன்னிரண்டு அறை போட்டார். கரை எது, ஓட்டை எது என்று அக்காவுக்குச் சொன்னார். ஒவ்வொரு அறையிலும் கீழ் மூலையில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு இடம் கேட்டார். "அது எதுக்கு?" "முத்திரைக்குங்க. ஆளு மேல விழக்கூடாது பாருங்க." அக்கா அந்த மூலைகளில் எல்லாம் ரோட்டுப் புழுதியை வரைந்தார். கரையை ஒட்டினாற்போல் பஸ்ஸின் கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள். ஒவ்வொருத்தரையும் உள்ளே தள்ளும்போது வாயும் சும்மா இருக்காது: "தள்ளுடா மணி, பால் கேன கால் நடுவுல வையி." வெள்ளிமலைக் கடையில் நகப்பாலிஷ் தீர்ந்துபோகிற வரைக்கும் நான் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர், "வூட்டுல பொண்ணு பாத்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

படம் முடிந்ததும் பாறை மேல் விரித்து, காலை வெயிலில் சார் போட்டோ எடுத்தார். விட்டுப்போன எட்டுப் பேரின் பெயரை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, சார் இருக்காங்க, இருக்காங்க என்று தலையாட்டினார். அந்த எட்டுப் பேரைத் தவிர வேறு யாரையும் நாங்கள் பார்க்கவில்லை. அச்சுக்குப் போய்விட்டது.

இப்படித்தான் கள்ளக்குறிச்சியில் கண்காட்சி நடந்த அந்த ஹாலுக்கு வந்து சேர்ந்தோம். குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. வரவேற்புரை முடிந்தாயிற்று. குப்பம்மாக்காவைக் காணோம். கார் அனுப்புகிறோம் என்றதற்கு, "பஸ்ஸ வரஞ்சிட்டு காருல வந்தா எவன் மதிப்பான்?" என்று சொல்லிவிட்டார். மலையில் போன் எடுக்காது. மேடையில் வெல்வெட் துணிக்குப் பக்கத்தில் இன்னொரு துணி. அதற்கு அடியில் அணைக்கட்டு.

பெரிய சார் கடிகாரத்தைப் பார்த்தார். "சந்தானம், அதையே தெறந்துடலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமுங்களாங்க" என்றார் சார். மேலதிகாரியிடம் அத்தனை மரியாதை! ரோட்டுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் ஓடினேன்.

அப்போது தெருமுனையில் ஒரு கூட்டம் திரும்பியது. முன்னால் குப்பம்மாக்கா, புதுப் புடவை, காலில் செருப்பு இல்லை. பின்னால் பால்காரர் மணி, கேனோடு. நாத்தனார். ராணி, இடுப்பில் குழந்தை. நர்ஸம்மா. கிழவர், கையில் கோழி, நிஜக் கோழி! படத்தில் இருக்கிற பஸ் மொத்தமும் நடந்து வந்துகொண்டிருந்தது. கடைசியில் கண்டக்டர் தங்கராசு, வேர்த்து ஊற்றிக்கொண்டு.

"ஏன் அண்ணா லேட்டு?"

"லேட்டா? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஆளு நிக்கிது. எங்க, ஒரு எடத்துலயாவது ஃபுல்லுன்னு சொல்லு பாப்போம்! இந்தம்மா முன்சீட்டுல ஒக்காந்துகினு திரும்பித் திரும்பி என்னையே பாக்குது."

ஹாலில் நாற்காலி போதவில்லை. பெரிய சார் எழுந்து தன் நாற்காலியையே அக்காவுக்குப் போட்டார். துணியை விலக்கினார். உடனே மணி கத்தினார்: "தோ நானு! தோ எம் மூக்கு!" அவ்வளவுதான். மேடையே கூட்டமாகிவிட்டது. ஆளாளுக்குத் தான் இருக்கிற ஸ்டாம்பு வேண்டும். விற்பனை மேஜையில் தாளை வாங்கி வாங்கி ஓட்டை வழியாகக் கிழித்து, "எனக்கு இது, உனக்கு அது" என்று பங்கு போட்டார்கள். லென்ஸ் பெரியவர்கள் பதறிவிட்டார்கள். "ஐயோ கிழிக்காதீங்க, முழுத் தாளா இருந்தாத்தான் மதிப்பு!"

"முழுசா வச்சா பீரோல தூங்கும் சாமி. அவங்கவங்க வூட்டுக்குப் போவ வேணாமா?" என்றார் அக்கா.

கவரில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு முத்திரை வைக்க சந்தானம் சாரே உட்கார்ந்தார். பழைய தாளில் ஒன்று வைத்துப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைச் சாய்த்து, ஒவ்வொன்றையும் புழுதி மேல் மட்டும் வைத்தார். ஒரு முகத்தில்கூட மை படவில்லை. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி வரிசை ஸ்டாம்பு ஒட்டிய கவர் வந்தபோது சாரின் கை அந்தரத்தில் நின்றது.

"ஏழுமலைங்க. இங்க வாங்க."

பின்சீட்டுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார். சட்டைப் பையில் ஸ்கேல். பக்கத்தில் தபால் பையைத் தோளில் மாட்டின ஒல்லிப் பையன், வாயைப் பிளந்துகொண்டு. நான்தான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிமிர்ந்தால் எங்கள் முன்னால் அக்காவின் கை நீண்டிருந்தது.

"டிக்கெட்டு?"

"என்னங்க?"

"நம்ம ஊரு பஸ்ஸுல பொம்பளைங்களுக்குத்தான் சும்மா. ஆம்பளைங்க காசு குடுத்துத்தான் வரணும். மத்தவங்கல்லாம் காலைலயே தங்கராசுகிட்ட எடுத்துட்டாங்க. நீங்க ரெண்டு பேருதான் ஓசில நின்னுக்கினு வர்றீங்க."

சார் சிரிக்கவில்லை. "எங்கேர்ந்து எதுவரைக்குங்க?" என்று முறையாகக் கேட்டார்.

"வெள்ளிமலை டு கள்ளக்குறிச்சி" என்றார் பின்னாலிருந்து தங்கராசு. "ரெண்டு ஆளு. தம்பி தோள்ல மூட்ட வச்சிருக்கான், அதுக்கு லக்கேஜு. எழுபத்தெட்டு."

சார் பர்ஸைத் திறந்து ஐம்பதும், ஒரு இருபதும், ஒரு பத்தும் எடுத்து அக்கா கையில் வைத்தார். அக்கா எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"மீதி ரெண்டு ரூபாங்க?"

"சில்லற இல்ல. எறங்கும்போது வாங்கிக்கோ."

அந்த ஸ்டாம்பு பஸ்ஸில் இருந்து நாங்கள் இன்னும் இறங்கவில்லை. ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் மொத்தம் ஆன செலவு எண்பது ரூபாய்.